கூலி நோட்டில் முதல் பேர்

ஓம் சக்தி துணை
மரக்காணம்
9.2.2025

மருமவன் ராஜ்கமலுக்கு, உன் அத்தை அம்சவல்லி எழுதறது.

இங்க நான் நல்லாத்தான் இருக்கேன். மூட்டு வலி மட்டும் என்னை விட்டு போறதா இல்ல. உனக்கு அந்த இருமல் நின்னுச்சா? ஜெயில் சோறு ஒடம்புக்கு ஒத்துக்குதா? ராத்திரில போத்திக்கக் குடுக்கறாங்களா? யாரோ பண்ண திருட்டுக்கு உன்ன மாட்டிவிட்டுட்டாங்க, அது அம்மனுக்குத் தெரியும். என் தம்பிக்குத்தான் தெரிய மாட்டேங்குது. உன் பேர எடுத்தாலே உன் அப்பன் துண்ட உதறிக்கினு எழுந்து போயிடறான்.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, எங்க மகளிர் குழுவுல பதினோரு பேரு சேந்து அஞ்சு ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு ஓட்டறோம் இல்ல, புயல்ல வரப்பெல்லாம் கரைஞ்சு, மோட்டாரும் போயிடுச்சு. வாடகை மோட்டார வச்சு பாதிப் பாத்திதான் ஓடுது. ஐப்பசிக்குள்ள வரப்பு கட்டலன்னா அளத்த வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு ஓனர் சொல்லிட்டார். பேங்க்ல மூணு லட்சம் கேட்டிருக்கோம். அவங்க மூணு வருசத்து கூலிப் பட்டியல், வரவு செலவு, பேலன்ஸ் ஷீட்டு, அடுத்த வருச பட்ஜெட்டு எல்லாம் கேக்கறாங்க. கணக்கு எழுதின அஸ்வினி கல்யாணமாகி வானூருக்குப் போயிடுச்சு. எட்டாவது வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான்னு நோட்ட என் தலையில கட்டிட்டாங்க. அப்ப விஜயலட்சுமி ஒரு வார்த்த சொன்னா. அத எழுத வேணாம், வுடு.

அஸ்வினி நோட்டுல பணம் வந்தா "பற்று"ன்னு போட்டிருக்குது. பணம் வந்தா வரவுதானே? தப்பா எழுதிட்டாளோன்னு நாலு பக்கம் அடிச்சுத் திருத்திட்டேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. நீ பி.காம். படிச்சு கம்பெனியில சம்பளக் கணக்கு எழுதினவன். உன்ன விட்டா நான் யாரக் கேப்பேன்?

வேளைக்குச் சாப்பிடு.
அத்தை


20.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இருமல் குறைந்துவிட்டது. இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள், அதனால் தாமதமானால் கவலைப்படாதீர்கள்.

அஸ்வினி எழுதியது சரி. நீங்கள் திருத்திய நாலு பக்கங்களையும் பழையபடி எழுதுங்கள். பணம் எந்தக் கணக்கில் வந்து சேர்கிறதோ அங்கே பற்று. எந்தக் கணக்கிலிருந்து போகிறதோ அங்கே வரவு. உப்பு விற்று ஆயிரம் ரூபாய் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று, உப்பு விற்பனையில் வரவு. ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும்.

கூலி நோட்டில் ஒரு மாதத்தை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். அதை வைத்து மீதியைச் சொல்கிறேன்.

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ராஜ்கமல்


மரக்காணம்
6.3.2025

மருமவனே,

உன் கடிதாசி கண்டேன், பாதி மனசு ஆறுச்சு. தைலம் தேய்ச்சேன், தைலம்தான் தீந்துபோச்சு.

ஒரு ரூபாய ரெண்டு எடத்துல எழுதச் சொல்ற. ரெண்டு எடத்துல எழுதினா ரெண்டு ரூபா ஆயிடாதா? வசந்தாகிட்ட கேட்டேன். அவ, "அப்டின்னா கூலிய ரெண்டு எடத்துல எழுது அம்சா, ரெண்டு மடங்கு வாங்கிக்கலாம்"ன்னு சிரிக்கறா. இன்னொண்ணு, பேலன்ஸ் ஷீட்டுல ரெண்டு பக்கமும் சமமா வரணுமாமே? ரெண்டும் சமம்னா லாபம்னு ஒண்ணு எங்கேருந்து வரும்? ரெண்டு நாளா சோறு எறங்கல.

மாசி மாசம் எதிர்பாக்காத மழையில முப்பது மூட்ட உப்பு குவியலோட கரைஞ்சு போச்சு. வித்ததும் இல்ல, யாருக்கும் குடுத்ததும் இல்ல. அத எந்தப் பக்கத்துல எழுதறது?

பட்ஜெட்டுல அடுத்த வருசம் எத்தன நாள் வேல நடக்கும்னு கேக்கறாங்க. மழ எப்ப வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? கோயில்ல பூக் கட்டிப் போட்டுப் பாத்தேன். வெள்ளப் பூ வந்துச்சு. அதனால நூத்தி அம்பது நாள்னு போட்டுட்டேன். சரிதானே?

நீ கேட்ட கூலி நோட்டு, போன வருசம் பங்குனி மாசம்: முத்துமாரி 22 நாள், சின்னப்பாப்பா 22 நாள், வசந்தா 20 நாள், விஜயலட்சுமி 19 நாள் (மூணு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா), நான் 22 நாள்... இப்படி மொத்தம் பன்னெண்டு பேரு. எல்லாருக்கும் நாளைக்கு நானூறு. முத்துமாரிக்கு மட்டும் நூறு.

உன் பதிலுக்குக் காத்திருக்கேன்.
அத்தை


27.4.2025

அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள்.

கரைந்த உப்பை நஷ்டக் கணக்கில் பற்று எழுதி, இருப்பில் வரவு வைத்துக் குறைத்துவிடுங்கள். லாபம் பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் குழுவின் மூலதனத்தோடு சேர்ந்துவிடும், அதனால்தான் இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. பட்ஜெட்டுக்குப் பூப் போட்டதை பேங்க்கில் சொல்லாதீர்கள். போன மூன்று வருடத்தின் சராசரி என்று சொல்லுங்கள்.

குழுவில் பதினோரு பேர் என்றீர்கள். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். முத்துமாரி என்று உங்களோடு யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேரை எடுத்துவிடுங்கள். பேங்க்குக்குக் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

ராஜ்கமல்


மரக்காணம்
8.5.2025

மருமவனே,

ஏழு வாரம் கழிச்சு எழுதற, அதுலயும் இப்படியா எழுதுவ? நீ நல்லா இருக்கேன்னு எழுதினத மட்டும் நம்பறேன்.

முத்துமாரி நம்ம அம்மன்டா! அளம் எடுத்த மொத நாளே சின்னப்பாப்பா அக்கா சொல்லிட்டாங்க, "அவளும் நம்மள்ல ஒரு ஆளு. நமக்கு வேலன்னா அவளுக்கும் வேல, மழ பேஞ்சா அவளுக்கும் கூலி கெடையாது"ன்னு. அதான் நோட்டுல மொத பேரு அவளுது. அவ கூலி அன்னன்னிக்கு தகரப் பெட்டியில போட்டுடுவோம். பெட்டி நம்ம வீட்டுல சாமி மாடத்துல இருக்குது. மூணு வருசத்துக்கு ஒரு தடவ ஆடியில தெறந்து கூழு ஊத்தி, பொடவ சாத்துவோம். இந்த ஆடிக்கு தெறக்கணும். அம்மன வேலையிலேருந்து எடுன்னு எழுதறியே, உனக்கு வாய் எப்படி வந்துச்சு?

ஆனா நீ எழுதி முடிக்கறதுக்குள்ள வெனை வந்துடுச்சு. பேங்க்லேருந்து சரண்யா மேடம் வந்துச்சு, சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டிருக்குது. நோட்ட பாத்துட்டு, "எல்லாருக்கும் நானூறு, இவங்களுக்கு மட்டும் ஏன்மா நூறு?"ன்னு கேட்டுச்சு. நான், "அவளுக்கு அது போதும்மா"ன்னேன். "வயசு என்ன?"ன்னுச்சு. "வயசெல்லாம் யாருக்கும்மா தெரியும்"ன்னேன். அதுக்கு மொகமே மாறிப்போச்சு. "சின்னப் புள்ளய வேலைக்கு வச்சிருக்கீங்களா?"ன்னு எழுந்து நின்னுடுச்சு! வசந்தா ஓடியாந்து, "இல்ல மேடம், அவ சாமி"ன்னா. "சாமின்னு பேரா?"ன்னுச்சு. ஆதார் கொண்டா, பாஸ்புக் கொண்டான்னுச்சு. கடைசியில கோயிலுக்கே கூட்டிட்டுப் போயி, "இதான் முத்துமாரி"ன்னு காட்டினோம். மேடம் கும்புட்டுச்சு. கும்புட்டுட்டு, "அப்டின்னா அந்தப் பெட்டிய என் கண் முன்னாடி எண்ணுங்க. நோட்டுல இருக்கறதும் பெட்டியில இருக்கறதும் ஒத்துப் போனா மேல அனுப்பறேன். இல்லன்னா லோன் கெடையாது"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. ஆடி மொத வெள்ளிக்கு வருது.

ஒரு சந்தேகம். குழுவுல ஒருத்திக்காக கேக்கறேன். பொதுப் பெட்டியிலேருந்து ஒருத்தி அவசரத்துக்கு எடுத்துட்டு, கொஞ்சம் திருப்பிப் போட்டு, மீதிய இன்னும் போடலன்னு வச்சுக்க. அத நோட்டுல எப்படி எழுதினா சரியா வரும்? யாருக்கும் கஷ்டம் வராம.

அங்க வெயில் எப்படி? தண்ணி நெறைய குடி.
அத்தை


19.5.2025

அன்புள்ள அத்தைக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். முத்துமாரி யார் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அவளைப் பற்றி அப்படி எழுதியதற்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அவளைச் சம்பளப் பட்டியலில் வைக்க முடியாது. வேலைக்கு வராதவர் பேரில் கூலி எழுதினால், அது சாமியாகவே இருந்தாலும் பொய்க் கணக்குதான். கூலிச் செலவிலிருந்து எடுத்து, "அம்மன் நிதி" என்று தனித் தலைப்பில் போடுங்கள். குழு தன் பணத்திலிருந்து ஒதுக்கி வைத்த தொகை, அவ்வளவுதான்.

அந்த ஒருத்தியைப் பற்றி. யாருக்கும் கஷ்டம் வராமல் எழுத ஒரு வழியும் இல்லை, அத்தை. வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் எவ்வளவு எடுத்தாள்? எப்போது?

ராஜ்கமல்


மரக்காணம்
2.6.2025

மருமவன் ராஜ்கமலுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். பிரம்மதேசம் கோயிலுக்கு பிரதோஷத்துக்குப் போயிட்டு வந்தேன். கூட்டம் இல்ல. பஸ்ஸுல ஒரு பொம்பள எடம் குடுத்தா, நல்லவ. வர்ற வழியில மாங்கா வாங்கினேன், புளிப்பு தாங்கல. வெயில் ஏறிப்போச்சு, உப்பு நல்லா வெளயுது, கால்தான் வெடிக்குது. வசந்தா மவளுக்கு வரன் பாக்கறாங்க, மாப்பிள்ளை மீன் கம்பெனியில வேல.

நான்தான்டா.

ரெண்டு வருசம் முன்னாடி, உன்ன அழச்சுக்கினு போன அஞ்சாம் நாளு. வக்கீல் அன்னிக்கே பதினஞ்சாயிரம் கேட்டார். உன் அப்பன் கதவ சாத்திக்கினான். என் தோடு ஏற்கனவே அடகுல. சாமி மாடத்து முன்னாடி நின்னு, "புள்ள தப்பு பண்ணல தாயே, நீயே குடு"ன்னு கேட்டுட்டுதான் எடுத்தேன். நாலாயிரம் திருப்பிப் போட்டுட்டேன். மேடம் வந்து எண்ற வரைக்கும் பெட்டியில புதுசா ஒண்ணும் போடறதில்ல, நோட்டுப்படி நாப்பத்தோராயிரத்து எரநூறு இருக்கணும். பதினோராயிரம் கொறையுது.

ஒரு பக்கத்துல கரைஞ்ச உப்ப எழுதினேன் இல்ல. இன்னும் கொஞ்சம் உப்பு கரைஞ்சு போச்சுன்னு எழுதிட்டா சரியாயிடுமா? தெரியாமத்தான் கேக்கறேன்.

அத்தை


12.6.2025

அத்தை,

உப்பு கரைந்ததாக எழுதாதீர்கள். பெட்டியில் குறைவது ரொக்கம், உப்பு இல்லை. ஒரு குறையை மறைக்க இன்னொரு இடத்தில் பொய் எழுதினால், அடுத்த மாதம் அதை மறைக்க வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கும். கை நிற்காது.

ஒரு புதுப் பக்கம் எடுங்கள். மேலே உங்கள் பேரை எழுதுங்கள். கீழே:

அம்சவல்லி, பற்று: எடுத்தது ரூ.15,000
அம்சவல்லி, வரவு: திருப்பியது ரூ.4,000
நிலுவை: ரூ.11,000

இவ்வளவுதான். அந்த நிலுவை பேலன்ஸ் ஷீட்டில் குழுவுக்கு வர வேண்டிய தொகையாக நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக வரும். பெட்டியை எண்ணுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜ்கமல்


மரக்காணம்
21.7.2025

மருமவனே,

உயிரோட இருக்கேன், அதுக்கு மேல நலம் விசாரிக்காத.

வெள்ளிக்கிழம எல்லாரும் சின்னப்பாப்பா அக்கா வீட்டு வாசல்ல கூடினோம். சரண்யா மேடமும் வந்துச்சு. மொதல்ல நீ சொன்னபடி அம்மன கூலிப் பட்டியல்லேருந்து எடுத்துட்டேன்னு சொன்னேன். ஒரே சத்தம். "சாமிய வேலைய விட்டு நிறுத்திட்டியாடி?"ன்னு விஜயலட்சுமி எழுந்தா. சின்னப்பாப்பா அக்கா, "நிறுத்தலடி, பிரமோசன் குடுத்திருக்கா. உக்காரு"ன்னாங்க.

எண்றதுக்கு முன்னாடி சொல்லணும்னு நீ எழுதின. நானும் சொல்லணும்னுதான் போனேன். வாய் வரல. பெட்டியத் தெறந்து வசந்தா எண்ணினா. முப்பதாயிரத்து எரநூறு. மறுபடி எண்ணினா. அதேதான்.

"மீதி பதினோராயிரம் எங்க? அம்மன் நடந்தே போயி பொடவ வாங்கிக்கினாளா?"ன்னா விஜயலட்சுமி. ரெண்டு பேரு சிரிச்சாங்க. நான் நோட்டத் தெறந்து என் பேரு போட்ட பக்கத்தக் காட்டினேன். "நான்தான் எடுத்தேன். வக்கீலுக்குக் குடுத்தேன்"ன்னேன்.

சிரிப்பு நின்னுடுச்சு. அப்ப விஜயலட்சுமி, தை மாசம் நோட்ட என் தலையில கட்டறப்ப சொன்னதையே திரும்பச் சொன்னா. "அத்தையும் மருமவனும் ஒரே வாத்தியார்கிட்ட கணக்கு படிச்சாங்க போல." உனக்கு எழுதாம விட்டது இதுதான்.

சின்னப்பாப்பா அக்கா, "வாய மூடுடி. அவ எழுதலன்னா நம்மள்ல எவளுக்குத் தெரிஞ்சிருக்கும்? எலி தின்னுடுச்சுன்னு போயிருப்போம்"ன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா அதோட விடல. என்ன நேராப் பாத்து, "அம்சா, அடுத்த ஆடிக்குள்ள பாக்கிய வச்சுடு. பெட்டி இனிமே உன் வீட்டுல வேணாம். பெட்டியும் சாவியும் வசந்தாகிட்ட இருக்கட்டும். நோட்டு உன்கிட்டயே இருக்கட்டும். அவ உன் நோட்டு இல்லாம தெறக்கக் கூடாது, நீ அவ இல்லாம எழுதக் கூடாது"ன்னாங்க.

எல்லாரும் தலையாட்டினாங்க. வசந்தா என் கண்ணப் பாக்காமலே பெட்டியத் தூக்கிக்கினு போனா. பதினெட்டு வருசமா என் வீட்டுல சமச்சத சாப்பிட்டவ. திருடின்னு சொல்லாமலே சொல்லிட்டாங்கடா. இதுல அந்த மேடம் வேற, "இது ரொம்ப நல்ல ஏற்பாடும்மா"ன்னு சிரிச்சுக்கினே எழுதிக்கிச்சு. எனக்கு நடந்தது நல்லதா கெட்டதான்னே புரியல. மூணு லட்சம் இல்லியாம், ரெண்டு லட்சம் குடுப்பாங்களாம். வரப்புக்குப் போதும். ஓனர்கிட்ட சொல்லியாச்சு, அளம் நம்மளுதுதான். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. கூழு ஊத்தினாங்க. எனக்கு எறங்கல.

நீ சொன்னதக் கேட்டுத்தான் சொன்னேன். சரியா பண்ணேனா?

அத்தை


6.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

சரியாகச் செய்தீர்கள். உங்களைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர். எங்களுக்குக் கல்லூரியில் ஒரு பாடமாகவே நடத்தினார்கள், பரீட்சையில் நான் நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். சின்னப்பாப்பா அக்கா பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் உட்கார்ந்து அதையே சொல்லியிருக்கிறார்கள்.

கம்பெனியில் சம்பளப் பட்டியல் எழுதியதும் நான்தான், பேங்க்குக்கு அனுப்பியதும் நான்தான். யாரும் பார்க்கவில்லை. இல்லாத இரண்டு பேரை நானே உண்டாக்கினேன். அவர்களுக்குப் பேர் வைத்தேன், பிறந்த தேதி வைத்தேன், ஒருவனுக்கு ஓவர்டைம்கூடப் போட்டேன். பதினாலு மாதம் அவர்கள் சம்பளம் என் கைக்கு வந்தது. உங்கள் பட்டியலில் பன்னிரண்டாவது பேரைப் பார்த்ததும் ஏழு வாரம் என்னால் எழுத முடியாமல் போனது அதனால்தான்.

என்னை யாரும் மாட்டிவிடவில்லை, அத்தை. அந்த வக்கீலிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் சாமி மாடத்தின் முன்னால் நின்று என்னைப் பற்றிச் சொன்னது பொய். அது உங்களுடைய பொய் இல்லை.

இங்கே பேக்கரியில் வேலை செய்கிறேன். சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் பிடித்தம் போக மாதம் ஆயிரத்துச் சொச்சம் என் கணக்கில் சேர்கிறது. வீட்டுக்கு அனுப்ப மனு கொடுத்திருக்கிறேன். மாதம் ஆயிரம். பதினோரு மாதம். வெளியே வர இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.

ராஜ்கமல்


மரக்காணம்
14.9.2025

ராஜ்கமலுக்கு,

உன் கடிதாசி போன மாசமே வந்துடுச்சு. பதில் எழுத நாலு தடவ உக்காந்தேன். எப்பவும் எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், இந்தத் தடவ ஆரம்பிக்கவே வரல.

வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போனேன். இத்தன நாளா, தப்பு பண்ணாத புள்ளய வெளிய அனுப்பு தாயேன்னு வேண்டிப்பேன். இந்தத் தடவ இன்னா வேண்டறதுன்னு தெரியல. பூசாரி பேரு கேட்டார். பேர மட்டும் சொன்னேன்.

உன் அப்பன்கிட்ட கடிதாசியப் படிச்சேன். எழுந்து போவான்னு பாத்தேன். போகல. முடியற வரைக்கும் உக்காந்திருந்தான்.

நேத்து மணி ஆர்டர் வந்துச்சு. ஆயிரம். வசந்தா பெட்டியக் கொண்டாந்தா. எல்லாரும் இருந்தாங்க. "யாரு அனுப்பினது?"ன்னு விஜயலட்சுமி கேட்டா. "என் தம்பி புள்ள. ஜெயில்ல ரொட்டி போட்ட கூலி"ன்னேன். விஜயலட்சுமி பெட்டிய என் பக்கமா தள்ளி வச்சா.

கடன் என்னுது, காசு உன்னுது. யாரு பேருல வரவு வெக்கறதுன்னு நோட்டக் கையில வச்சுக்கினு கொஞ்ச நேரம் கொழம்பிப் போயி நின்னேன். "எழுதுடி, வேலைக்குப் போவணும்"ன்னாங்க சின்னப்பாப்பா அக்கா. அப்புறம் என் பக்கத்துலயே, "வரவு, ராஜ்கமல் கூலி"ன்னு எழுதினேன். பக்கத்துல வசந்தா கைநாட்டு வச்சா.

பாக்கி பத்தாயிரம். ஒடம்பப் பாத்துக்க.

அத்தை